பாப்பா காதுக்கு மட்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் சொல்லாவிட்டாலும் கதிர்காமத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில், "அந்த வீட்டு மருமவளா? யம்மா, வாயா அது!" என்று ரேஷன் கடை வரிசையிலேயே பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். ஆனால் என்னையே தூக்கிச் சாப்பிடுகிற ஒருத்தி அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தாள். அவள் என் நாத்தனார்.

கடைக்குட்டி என்பதால் வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. கழுதை வயசாகியும் பாப்பாதான். பிறவியிலேயே அவளுக்குக் கண் தெரியாது. அதை வைத்து அவளைப் பார்த்து உச்சுக்கொட்ட வந்தவர்கள் யாரும் முழுசாகத் திரும்பிப் போனதில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கார அம்மா, "பாவம், மூக்கும் முழியுமா இருக்குது, கண்ணு தெரியலியே" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். பாப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "பரவால்லக்கா, எனக்குக் கண்ணு தெரியல, உங்களுக்கு வாய மூடத் தெரியல. ரெண்டு பேரும் அனுசரிச்சிப் போயிடலாம்" என்றாள். அந்த அம்மா பாயசம் வரும் வரைக்கும் உட்காரவில்லை. எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று.

இல்லை, அன்றைக்கு இல்லை. அதற்கும் முன்னால் ஒரு நாள் இருக்கிறது. நான் புதுப்பெண்ணாக வந்து ஒரு வாரம் இருக்கும். என்ன காரணமென்று இப்போது ஞாபகமில்லை, அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். மூக்கை உறிஞ்சினதுகூட இல்லை, சத்தியமாக. கூடத்தில் உட்கார்ந்திருந்த பாப்பா எடுத்த எடுப்பில் ஒரு தாலாட்டுப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். எனக்காகத்தான் பாடுகிறாள் என்று தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, பாடி முடித்துவிட்டு "அண்ணி, குழம்பு அடிப்புடிக்குது" என்றாள். அந்தக் குரலை என்னவென்று சொல்வது! வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுமே, அப்படி இருக்கும்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் ராத்திரிக்கு இரண்டு பாட்டு பாடிக்கொண்டிருந்தாள். இரண்டே இரண்டுதான். மீதியெல்லாம் அந்த ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவரின் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு. அவர்தான் கீபோர்டும் வாசிப்பார், ஆள் குறைவான நாட்களில் மைனஸ் ட்ராக் போடுவதும் அவர்தான். மைனஸ் ட்ராக் என்றால், பாடுகிறவர் குரல் மட்டும் இல்லாமல் மீதி வாத்தியமெல்லாம் சிடியில் இருக்கும், நாம் மேலே பாட வேண்டியதுதான். ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் அந்த மனுஷன் பாட்டு வரிசையை மாற்றிவிட்டு இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவள் மெதுவான பாட்டுக்கு மூச்சை இழுத்து நிற்கிறாள், ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு தடதடவென்று வருகிறது. முதல் வரி போய்விட்டது. உடனே அவர் மைக்கைப் பிடுங்கி, "பார்வையில்லாத பொண்ணு, பாவம், எல்லாரும் பலமா ஒரு கைதட்டு கொடுங்க" என்றார். ஊரே தட்டியது.

வீட்டுக்கு வந்து செருப்பை உதறின உதறலில் ஒன்று வாசலுக்கே போய்விட்டது. "பாட்டுக்குத் தட்டுனா வாங்கிக்குவேன் அண்ணி. கண்ணுக்குத் தட்டறானுங்க. அடுத்தது என்னா பாட்டு வரப்போவுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியணும், அவ்ளோதான். அது தெரிஞ்சா நான் ஒருத்தி நின்னு ஒரு கச்சேரியையே முடிச்சிக் காட்டுவேன்."

இதை என் மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நாளெல்லாம் மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் ஈ பறக்கிற சத்தம்கூட ஆகாது. டிவி வாயசைக்கும், சத்தம் வராது, எங்கள் வீட்டில் செய்தி பார்ப்பது அப்படித்தான். மகள் பாட்டு என்று மேடை ஏறுவதே அவருக்குப் பிடிக்காது. பெண் விழுந்துவிடுவாளோ, யாராவது கேலி பேசுவார்களோ என்கிற பயத்தை அவர் கோபமாகத்தான் காட்டுவார்.

"சரி, முடிச்சிக் காட்டு" என்றார். "ஒரே ஒரு கச்சேரி. நீயே பாட்டு போடணும், நீயே பாடணும். யார் கையும் படக்கூடாது. ஒழுங்கா முடிச்சியா, அதுக்கப்பறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். எவனாவது பரிதாபப்பட்டு வந்து ஒரு பட்டனை அமுக்கினான்னு வை, அதோட மேடைக்கு ஒரு கும்பிடு."

"சரிப்பா" என்றாள் இவள், சோறு வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி.

அவளிடம் ஒரு பை நிறைய மைனஸ் ட்ராக் ஆடியோ சிடிகள் இருந்தன. தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே வட்டம். மேடையில் தட்டை மாற்றிப் போட்டு, இந்தத் தட்டில் ஏழாவது பாட்டு என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் எங்களிடம் இன்னொரு சாமான் இருந்தது. பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு சித்தப்பா, பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்த ஊரில் அப்படி ஒரு சொல்தா, அதாவது பட்டாளத்துக்காரச் சித்தப்பா இல்லாத குடும்பம் எது, ஊருக்கு வந்தபோது பாப்பாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. நூற்றுக்கணக்கில் பாட்டு பிடிக்கும். மெனுவெல்லாம் பிரெஞ்சில் இருந்ததால் அது பீரோவுக்குள் மரியாதையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "இதுல எல்லாப் பாட்டையும் ஏத்தி, ஒன்னொன்னுக்கும் பேர் போட்டுத் தரேன்டி" என்று நான் வாயை விட்டுவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குக் கைவந்த கலை.

ஆனால் நான் ஒன்றும் இந்த வேலைக்குப் புதிசு இல்லை. தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்த்த ஆபீஸில் வெளிநாட்டுப் புத்தகங்களை கம்ப்யூட்டருக்கு ஏற்றாற்போல மாற்றுவார்கள். தலைப்புக்கு ஒரு டேக், எழுதினவர் பேருக்கு ஒரு டேக், அடிக்குறிப்புக்கு ஒரு டேக். எது என்னவென்று நெற்றியில் பொட்டு வைத்து அனுப்புகிற வேலை. அங்கே ஒரு சட்டம் உண்டு: மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே போக வேண்டும். தப்பாகவே இருந்தாலும் நம் கை அதன்மேல் படக்கூடாது. இதில் ஊறிப்போனவள் நான். ஆபீஸில் கழித்துக்கட்டின ஒரு கம்ப்யூட்டரையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதில் படம், ஜன்னல், மௌஸ் என்று எதையும் நான் தொடுவதில்லை. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, கட்டளை. அதுதான் எனக்கு சௌகரியம்.

அந்தக் கருப்புத் திரையைப் பற்றி நான்கு வார்த்தை நல்லதாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மற்ற மென்பொருளெல்லாம் "நிச்சயமா? உறுதியா? ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்" என்று மாமியார் மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். இது அப்படி இல்லை. சொன்னதைச் செய்யும், வாயைத் திறக்காது. தட்டை உள்ளே தள்ளி ஒரு வரி அடித்தால் போதும், பாட்டை ஒவ்வொன்றாக உருவி எடுத்து வரிசையாக அடுக்கிவிடும். கீறல் விழுந்த தட்டாக இருந்தால் அந்த இடத்திலேயே நின்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், சலித்துக்கொள்ளாது. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, அதனாலேயே அதன்மேல் ஒரு மரியாதை.

ஆடியோ சிடியில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்குள் பாட்டு இருக்குமே தவிர, பாட்டின் பேர் இருக்காது. பேர் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் போய்க் கேட்கும்: இத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் இவ்வளவு நீளம், இந்தத் தட்டு யாருக்காவது தெரியுமா என்று. அந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்திருந்தது, நானும் பெருமையாகக் கேட்டேன். பாப்பாவின் அம்மன் பாட்டுத் தட்டுக்கு ஏதோ ஒரு குளிர்நாட்டு அக்கார்டியன் நடன இசை என்று பதில் வந்தது. நீளம் மட்டும் அப்படியே ஒத்துப்போய்விட்டதாம்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாப்பா சிரித்த சிரிப்பில் உள்ளறையிலிருந்து மாமனார் செருமினார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

ஆக, பேர் எங்கள் கையால்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, அவள் காதில் ஒன்று என் காதில் ஒன்றாக இயர்போனை மாட்டிக்கொண்டு உட்காருவோம். நான் பாட்டைத் தட்டுவேன். முதல் தபலா அடி விழுமுன் அவள் சொல்லிவிடுவாள்: "மழைப் பாட்டு. டி ஸ்கேல்." அடுத்தது. "ரயில் பாட்டு. இது வேணாம், இதுல வயலினு அபஸ்வரம்." எங்களுக்குள் பாட்டுக்கெல்லாம் வீட்டுப் பேர்தான்: மழைப் பாட்டு, ரயில் பாட்டு, சண்டை போட்டுச் சேருகிற பாட்டு. அவள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். தலைப்பு இது, ஸ்கேல் என்கிற சுருதி இது, வரிசை எண் இது. கடைசியில் ஒரே ஒரு வரிக் கட்டளை. அத்தனை கோப்புக்கும் பேர் மாறி, டேக் ஏறி, அணிவகுத்து நிற்கும். அந்த அழகைப் பார்க்க எனக்கு ஆள் கிடையாது என்பதுதான் ஒரே குறை.

எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றித் திறந்து பார்த்தால், தமிழ் எழுத்து வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கிறது. எழுத்துரு பிரச்சினை. விடுவேனா? ஆபீஸ் விட்டு வந்து, சமைத்து, பாத்திரம் தேய்த்து, தினமும் அதோடு மல்லுக்கட்டினேன். ஒன்றை மாற்றினால் கட்டம் போய்க் கேள்விக்குறி வரும், இன்னொன்றை மாற்றினால் கேள்விக்குறி போய் மறுபடி கட்டம். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நாசமாப் போன பொட்டி, எவ்ளோ பாத்தாலும் கட்டமாவே தெரியுதுடி" என்று கத்தினேன்.

பாப்பா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். "அது கட்டமாத் தெரிஞ்சா எனக்கு என்னா, வட்டமாத் தெரிஞ்சா எனக்கு என்னா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாருக்காக இந்தப் பேரெல்லாம்! பார்க்கவே முடியாதவளுக்கு நான் வாரக்கணக்கில் எழுத்தை அழகு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் சொல்லவில்லையே என்று கேட்டால், "நீங்க ஆசையா செஞ்சிக்கினு இருந்தீங்க, கெடுப்பானேன்னு விட்டேன்" என்கிறாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமியார் வந்து எட்டிப் பார்த்து, "ரெண்டுக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்க்க முடியாத பேர் வேண்டாம், கேட்கிற பேர் வேண்டும். தேடினேன். அந்தப் பெட்டிக்கென்றே யாரோ சில புண்ணியவான்கள் சும்மா எழுதி இன்டர்நெட்டில் போட்டிருந்த ஒரு மென்பொருள் கிடைத்தது. அதை ஏற்றினால், ஒவ்வொரு பாட்டின்மேலும் போய் நிற்கும்போது அதற்கென்று நாம் வைத்திருக்கிற சின்ன ஒலித்துண்டைப் பெட்டி சொல்லும். எங்கேயோ முகம் தெரியாத ஊரில் உட்கார்ந்து, கண் தெரியாதவர்களுக்கும் பாட்டு வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறானே, அவன் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. மூன்று ரூபாய்ப் பொருளுக்கு முப்பது தரம் சொல்லிக் காட்டுகிற உலகத்தில் இது எப்பேர்ப்பட்ட காரியம்!

இப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குரல் வேண்டும். மைக் வாங்கினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாடல் எண் ஒன்று. விநாயகர் துதி" என்று ஆரம்பித்தேன்.

"யாரு அண்ணி இது, பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றவங்களா?" என்றாள் பாப்பா. "நீங்க எப்பவும் என்னைத் திட்டற மாதிரி பேசுங்க. அப்பத்தான் மண்டையில ஏறும். என் காதுக்கு மட்டுந்தான, யாரு கேக்கப்போறாங்க?"

அதுதான் சரி என்று பட்டது. அவள் குளிக்கவோ கடைக்கோ போன நேரமாகப் பார்த்து, பேசுகிறபடியே பேசிப் பதிந்தேன். எந்த இடத்தில் அவசரப்படுவாள், எங்கே மூச்சு வாங்குவாள் என்று எனக்குத் தெரியாதா? அதையும் சேர்த்துச் சொன்னேன். சிலதில் திட்டினேன், சிலதில் வம்புக்கு இழுத்தேன். அந்தத் தாலாட்டுப் பாட்டைக் கடைசியாக வைத்தேன். அதற்கு மட்டும் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். அவளும் கேட்டாள். கேட்டுவிட்டு என் தோளில் ஒரு குத்து விட்டாள்.

பிறகு பயிற்சி. வீட்டில்தான் சத்தம் கூடாதே! ஸ்பீக்கர் என்ற பேச்சுக்கே இடமில்லை. காதில் இயர்போன், கையில் பெட்டி, வாய்க்குள்ளேயே பாட்டு. பட்டனைத் தடவி அடுத்த பாட்டுக்குப் போவாள், என் குரல் கேட்கும், அமுக்குவாள், பாட்டு வரும். ஒரு தடவைகூடத் தவறவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம், வரவேற்புக் கச்சேரி. பாப்பா மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள், நான்தான் கட்டிவிட்டேன். யார் கையும் படக்கூடாது என்பது ஒப்பந்தம், அதனால் நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு நான் கீழே இறங்கிவிட்டேன். முதல் வரிசையில் மாமனார், கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் மாமியார், அடுத்து நான். மைக் செட்காரர் வந்து அவள் மடியில் இருந்த பெட்டியிலிருந்து இயர்போனைப் பிடுங்கி அந்த ஓட்டையில் தன் ஒயரைச் செருகினார். பெட்டியில் இருப்பது ஒரே ஓட்டைதான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பாப்பா பட்டனைத் தடவினாள்.

மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் என் குரல் முழங்கியது: "புள்ளையார் பாட்டுடி. சி ஸ்கேல். தம்புரா ரெண்டு சுத்து வரட்டும், அதுக்குள்ள வாயத் தொறந்தே, தொடையில கிள்ளிடுவேன்."

ஐயோ, பாட்டும் பேரும் ஒரே வழியாகத்தானே வெளியே வரும்! காதில் கேட்டபோது காதில், ஸ்பீக்கரில் கோத்தபோது ஸ்பீக்கரில். இது தெரியாமல் என்னத்தைக் கட்டளை அடித்துக் கிழித்தேன்! பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். யார் யாரைக் கிள்ளப்போகிறார்கள் என்று சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மாமனார் மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

"உன் கொரலு தானேம்மா?"

"ஆமா மாமா."

"முடிஞ்சிது" என்று முனகி, எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தார்.

மைக் செட்காரர் மேடைக்கு ஓடினார். "நீ பாட்டைத் தேடும்போது மட்டும் நான் சவுண்டைக் கொறைச்சிக்கிறேன்மா" என்று அவர் சொன்னது மைக்கில் விழுந்து எங்களுக்கும் கேட்டது. நல்ல யோசனைதான். ஆனால் அது அவர் கை. யார் கையும் படக்கூடாது என்றல்லவா பேச்சு. போச்சுடா, எல்லாம் போச்சு என்று நான் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"வேணாண்ணே, அப்பிடியே இருக்கட்டும்" என்றாள் பாப்பா. மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். "கேட்டீங்களா? அது எங்க அண்ணி. மேடைக்கு வராமயே மெரட்டுவாங்க. நான் பாடறது உங்களுக்கு, பயப்படறது அவங்களுக்கு." மண்டபம் குபீரென்று சிரித்தது. அவள் தலையைச் சாய்த்துத் தம்புராவை இரண்டு சுற்று கேட்டாள். பிறகு பாடினாள்.

மாமனார் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் என்னவென்று சொல்ல! ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் என் குரல் வரும், அவள் அதற்கு ஒரு பதில் கொடுப்பாள். "மழைப் பாட்டு, டி ஸ்கேல். சரணத்துல ஓடாத, உன்னை யாரும் தொரத்தல" என்று நான் சொன்னால், "ஓடுனா முட்டிக்குவேன்னு தெரியும் அண்ணி" என்பாள். சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவிவிட்டுப் போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அடுத்து அந்த அண்ணி என்ன சொல்லும் என்று கேட்கவே ஒரு கூட்டம். ஆனால் சிரிப்பெல்லாம் பாட்டு தொடங்கும் வரைக்கும்தான். அவள் எடுத்துவிட்டால் கைக்குழந்தைகூடச் சிணுங்கவில்லை. பாட்டுக்குத் தட்டினார்கள், பாட்டுக்கு மட்டும். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இவள் என் நாத்தனார் என்று எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது.

நடுவில் ஒரு பாட்டு வந்தது. எதுவென்று அவளுக்கு மனப்பாடம், தாண்டிப் போயிருக்கலாம். தாண்டவில்லை. "இது மாமா பாட்டுடி. வெளிய சொல்ல மாட்டாரு, குளிக்கும்போது முணுமுணுப்பாரு. ரெண்டாவது வரியில அவருக்குச் சுருதி எறங்கிடும், நீ எறக்கித் தொலைக்காத" என்று மண்டபமே அதிர நான் சொன்னேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பாப்பா நேராக அந்தப் பாட்டை எடுத்தாள். இரண்டாவது வரியில் கொஞ்சம் நின்று, அழுத்தி, இறங்காமல் பாடினாள். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கட்டியிருந்த கை அவிழ்ந்து, மாமனாரின் விரல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

கடைசிப் பாட்டு. அவள் விரல் பட்டன்மேல் நின்றது. தடவினாள்.

"பாப்பா, இது அந்தப் பாட்டு. இதுக்கு ஸ்கேலெல்லாம் சொல்ல மாட்டேன். நான் அடுப்படியில அழுதுக்கினு இருந்தப்ப ஏன்னு கேக்காம பாடுனியே, அன்னிக்குத்தான் இது என் வீடுன்னு நெனச்சேன். பாடு."

யாரும் சிரிக்கவில்லை. பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடினாள். நான் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மாமனார் வாயே திறக்கவில்லை. ஒப்பந்தப்படி அது சரிதான். ஆனால் அந்த மௌனம் எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை, குளியலறைச் சங்கதியைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே என்று உறுத்தியது. அந்த வாரத்திலேயே இன்னொரு கல்யாண வீட்டுக்காரர் வந்து, பாப்பாவோடு "அந்தத் திட்டற அண்ணியும் வேணும்" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதும் மாமனார் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். பாப்பா மாமியாரோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மாமனார் வந்து ஒரு சிடியை மேசைமேல் வைத்தார். புதுசு, மைனஸ் ட்ராக். கடைக்காரரிடம் என்னவென்று கேட்டு வாங்கினாரோ! "இதுல மூணாவது பாட்டு. ஏத்தணும்" என்றார். பாப்பாவுக்கு மனப்பாடமான பாட்டுதான். நான் தட்டை உள்ளே தள்ளினேன், கட்டளையை அடித்தேன். திரையில் வரிகள் ஓடுவதை அவர் நின்று பார்த்தார். உருவி முடித்ததும், "இதுக்குப் பேர் என்னா போடட்டும் மாமா?" என்று கேட்டேன்.

"நீ தள்ளிக்க" என்றார். "நானே சொல்றேன்."

மைக்கை அவர் கையில் கொடுத்தேன். மெஷினுக்கு நடுவில் கத்திக் கத்திப் பழகின மனுஷன், மைக்குக்கும் அப்படியே கத்தினார்.

"பாப்பா. அப்பா பேசறேன். ஸ்கேலு கீலெல்லாம் எனக்குத் தெரியாது, அதெல்லாம் உங்க அண்ணி சொல்லும். நீ பாடு. அப்பா முன் வரிசையிலதான் உக்காந்திருக்கேன்."

போட்டுக் கேட்டபோது குரல் பிசிறடித்தது, பாதி இடத்தில் கரகரப்பு. திரும்பச் சொல்லச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே போக வேண்டும். ஏற்றினேன். பாப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த கல்யாணத்தில் அவள் பட்டனைத் தடவித் தடவிப் போனாள், என் குரல்கள் வரிசையாக வந்தன, சனம் சிரித்தது. திடீரென்று மண்டபம் முழுக்க அவர் குரல் முழங்கியது. முன் வரிசையிலதான் உக்காந்திருக்கேன் என்று முடிந்தது. பாப்பாவின் விரல் நின்றுவிட்டது. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். பிறகு மைக்கிலேயே கேட்டாள்:

"எந்தப் பக்கம்பா?"

டிவிச் சத்தம்கூட ஆகாத என் மாமனார், அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினார்.

"இங்கம்மா! இந்தப் பக்கம்!"

அவள் அந்தக் குரல் வந்த பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாடினாள்.